கட்டம் 4417

நந்தி மலையில் பிறந்து
கடலூரில் கடல் சேரும் ஆறு
என் திரையில் பல்லாயிரம் சதுரங்கள்.
ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது மீட்டர்.
வெறுந்தரை என்றால் மண் நிறம்,
இலை இருந்தால் பச்சை,
இலை செழித்தால் இன்னும் பச்சை.
இருபது வருடப் பச்சையை
மழையோடும் வெயிலோடும்
பக்கத்தில் வைத்துப் பார்ப்பது
என் வேலை.

மேலே, கிருஷ்ணகிரிப் பக்கம்,
மழை கூடினால் பச்சையும் கூடுகிறது,
சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைபோல.
சாத்தனூர் வரை அப்படித்தான்.
பிறகு ஆறு அகலமாகிறது,
விதி தளர்கிறது.
முகத்துவாரத்தில், உச்சிமேட்டில்,
கொட்டித் தீர்த்த வருடமும் பொய்த்த வருடமும்
ஒரே வளைகோடு.

அவ்வளவு அழகான கோட்டை
நான் நம்புவதில்லை.
மஞ்சக்குப்பத்தில் அறை எடுத்து
வாடகை ஸ்கூட்டரில் போனேன்.

4417-க்குள் இருந்தது
மூன்று பேருடைய நெல்,
மேட்டில் கொஞ்சம் மல்லாட்டை,
ஒரு மோட்டார் கொட்டாய்.
அதன் சுவரில் காய்ந்த சேற்றுக் கோடு,
என் உச்சந்தலைக்கு மேலே.

உள்ளே மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்
அஞ்சலாட்சி. என் வயதுதான் இருக்கும்.
"இன்னா தேடறீங்க?"
போனில் கோட்டைக் காட்டினேன்.
நடவு, தூர், கதிர், அறுப்பு.
கிரீஸ் படிந்த விரலைக்
கார்த்திகையின் மேல் வைத்தாள்.
"இங்க ஒரு பள்ளம் இருக்கணுமே."

இல்லை.

"சாத்தனூர்ல தொறந்துட்டாங்க.
ஒம்போது நாள் பயிரு தண்ணிக்குள்ள.
அழுவி, நாத்தத்துல வரப்புல நிக்க முடியல.
பாகூர்ல நாத்து வாங்கி
ஆள் புடிச்சி மறுநடவு போட்டோம்.
உங்க படத்துல
அப்ப நாங்க எங்க இருந்தோம்?"

மேகத்துக்குக் கீழே.
செயற்கைக்கோளின் கண் மேகத்தைத் தாண்டாது.
பதினாறு நாளில்
ஒரு தெளிந்த நாள்கூடக் கிடைக்காவிட்டால்
முன்புள்ளியையும் பின்புள்ளியையும்
இணைத்துக்கொள்ளலாம். அனுமதி உண்டு.
அந்தக் கட்டளையை எழுதியது நான்தான்,
ஒரு மாலை, டீ ஆறுவதற்குள்.
எட்டு வருடக் கார்த்திகை அப்படித்தான் நிரம்பியது.

பயிரைக் கொன்ற மழையேதான்
சாட்சியின் கண்ணையும் கட்டியிருக்கிறது.

பின்புள்ளி உயரத்தில் இருந்தது.
அது மழை தந்த பச்சை இல்லை, ஆறு தந்ததும் இல்லை.
பாதிக்குப் பாதி தள்ளி எடுத்த
ஏலச்சீட்டுப் பணம்.
என் முதல் வரைவில் அதற்கு
'தாங்குதிறன்' என்று பெயர் வைத்திருந்தேன்.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"சும்மா நிக்காம இந்த ஸ்பேனரைப் புடிங்க" என்றாள்.
பிடித்தேன். நட்டு இறுகிக் கிடந்தது.
இருவரும் சேர்ந்து முக்கியும்
கால் சுற்றுதான் திரும்பியது.
மணல் நறநறத்தது உள்ளே.

இரவு அறையில்
இணைத்த கோடுகளை எல்லாம் அழித்தேன்.
மேலாற்றில் ஒன்றும் மாறவில்லை.
கீழே வரவர
கார்த்திகைகள் அறுந்து தொங்கின.
உச்சிமேட்டில் எட்டு வெள்ளை இடைவெளிகள்.

"அங்கே தரவே இல்லையா?"
பேராசிரியர் போனில் கேட்டார்.

இருக்கிறது சார்.
கொட்டாய்ச் சுவரில்,
தரையிலிருந்து நூற்று எழுபத்தாறு சென்டிமீட்டர்.
டேப் வைத்து அளந்தேன்.
ஒரு முனையை
அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.