பூச மழையின் இடைவெளி

அகநாசினிப் பள்ளத்தாக்கில்
மழைக்கு நட்சத்திரத்தின் பெயர்.
புனர்பூசம் பெய்து களைத்துப்
பூசத்திடம் வேலையை ஒப்படைத்தது,
நடுவில் மூச்சு விடாமல்.

முதல் தெளிப்பு மே கடைசியில்.
நாற்பத்தைந்து நாள் தாங்கும் என்பது கணக்கு.
இன்று ஐம்பத்தெட்டு.

விடியலில் ஓடையோரம்
ஏழு பச்சைப்பாக்குகள் கிடந்தன.
ஒன்றை எடுத்துக் காம்புப்பக்கம் பார்த்தேன்.
பளபளப்பு போய்,
வெந்நீர் பட்ட தோல் மாதிரி
ஒரு கரும்பச்சைத் திட்டு.
இன்னும் சில நாளில் அதன்மேல்
வெள்ளைப் பஞ்சு படரும்.
கொளெ என்பார்கள் இங்கே,
சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

பத்தரைக்கு மழை நின்றது.
நின்றது என்றால்
மட்டைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

ஈரா கௌடாவுக்குப் போன் போட்டேன்.
நாலு ஊருக்கு மரமேற அவன் ஒருவன்தான்,
ஆடி மாத வானத்தைவிட
அவனைப் பிடிப்பது கஷ்டம்.
"கலக்கி வையுங்கள், வருகிறேன்" என்றான்.

ஒரு டிரம்மில் சுண்ணாம்பு, இன்னொன்றில் மயில்துத்தம்.
துத்தத்தைத்தான் சுண்ணாம்பில் ஊற்றவேண்டும்.
கல்யாணமான புதிதில் மாற்றி ஊற்றிவிட்டு
நூறு லிட்டர் நீலத் தயிரைக்
குழியில் கொட்டியிருக்கிறேன்.
கத்தியை முக்கினேன்.
அலகில் செம்பு ஏறியது.
இன்னும் இரண்டு பிடி சுண்ணாம்பு.
மறுபடி முக்கினேன்.
இரும்பு இரும்பாகவே வந்தது.

ஈரா வந்ததும் மரத்தைப் பார்க்கவில்லை,
மேற்கே பார்த்தான்.
"மூன்று மணி நேரம். அதற்குமேல் கேட்காதீர்கள்.
எங்கிருந்து தொடங்க?"

தென்மேற்கில், வேலிக்கு அந்தப்பக்கம்,
பரமேஸ்வர ஹெக்டேயின் தோட்டம்.
காற்று அங்கிருந்துதான் வரும்.
எனக்கும் அவருக்கும் பதினோரு வருஷமாகச்
சித்தாபுரம் கோர்ட்டில்
ஒன்றரை முழ மண்ணுக்கு வழக்கு.
இந்த வருஷம் அவருக்கு ஆளே கிடைக்கவில்லை.
முதல் தெளிப்பும் இல்லை.
பாய் விரித்த மாதிரி
அவர் மரத்தடியெல்லாம் காய்.

கிடக்கட்டும் என்று
இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.
வேலியோரத்து என் வரிசையில்தான்
ஏழில் ஐந்து விழுந்திருந்தன.

மருந்து நாளைக்கு ஆகாது.
கலக்கிய அன்றைக்கே அடித்தாகவேண்டும்.

"ஹெக்டே பக்கத்திலிருந்து" என்றேன்.
ஈரா ஒன்றும் கேட்கவில்லை.
காலில் தளையை மாட்டிக்கொண்டு
நாளைக்கு ஊரெல்லாம் சொல்லப்போகிற முகத்தோடு
ஏறினான்.

குடையோடு வந்தார் ஹெக்டே.
பேசவில்லை, நானும் பேசவில்லை.
பம்ப் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
எல்லைக்கல்லில் ஹோஸ் சிக்கியபோது
குனிந்து எடுத்துவிட்டார்.
பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு
ஒரு சாக்கில்
அழுகிய காய்களைப் பொறுக்கத் தொடங்கினார்.
உச்சியில் ஈரா
ஒரு மரத்தை வளைத்து அடுத்ததன் கழுத்தைப் பிடித்தான்.
எங்கள் இருவர் தலையிலும்
நீலத் தூறல்.

இரண்டு மணிக்கு முன்பே
மழை வந்துவிட்டது.
அவருடையது முப்பத்தெட்டு மரம்,
என்னுடையது இருபத்தொன்று.
கடைசிப் பத்துக்கு
மருந்து காய நேரம் கிடைக்கவில்லை.
பத்திலும் கொளெ வந்தது.
பத்தும் என்னுடையவை.

அன்றிரவு சோறு இறங்கவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
நல்லது செய்த நிம்மதி என்பார்களே,
அது வரவில்லை.
மற்ற வரிசைகளில்
குலை நின்றது, அவ்வளவுதான்.

கார்த்திகையில் வாய்தா.
அவர் வக்கீல் எல்லைக்கல்லின் போட்டோவை
மேஜையில் வைத்தார்.
கல்லின் பாதி நீலம்.
நீதிபதி கண்ணாடியை உயர்த்திக் கேட்டார்:
"யார் அடித்த பெயின்ட் இது?"

"மருந்து" என்றேன்.
அதே நொடியில் எதிர்ப்பக்கத்திலிருந்தும்
"மருந்து" என்று ஒரு குரல்.

அடுத்த வாய்தா மார்ச்சில்.