இசைவு

டில்லியில் இருவருக்கும் நடுவே
நாற்பதடித் தாழ்வாரம்தான்.
அங்கே பேசிக்கொள்ளாதவர்கள்
கானாடுகாத்தான் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்.
அமைச்சர், மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர்.
செயலர் அனசூயா பெண்ட்சே,
பெண்ணின் தகப்பனோடு மசூரியில் பயிற்சி எடுத்தவர்.
நான் பிரிவு அலுவலர், மானாமதுரைக்காரன்,
தமிழ் தெரியுமே என்று
கோப்போடு அனுப்பப்பட்டவன்.
கீழே வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

யாங்கோனில் தூதர் நாற்காலி
எட்டு மாதமாகக் காலி.

அமைச்சர் எழுதியிருந்தார்:
அடைக்கப்பனை அனுப்பலாம்.
தேவகோட்டை நூற்பாலைக்காரர்.
நான்கு தலைமுறை அந்த ஆற்றங்கரையில்
வட்டிக்கணக்கு எழுதிய வீடு.
பரீட்சை எழுதி வந்தவர்களுக்குத் தெரியாத சந்தெல்லாம்
அவருக்குத் தெரியும்.

கீழே, பச்சை மையில் செயலர்:
சந்து தெரியும்தான்.
அதில் பதினோரு மனைக்கு இழப்பீடு கேட்டு
அவர் கொடுத்த மனு
நம்மிடமே நிலுவையில் கிடக்கிறது.
மனுக் கொடுத்தவரே தூதராகப் போனால்
யாருக்காகப் பேசுவார்?
லால்ரின்பூயி, ஐசாலில் பிறந்தவர்,
இருபத்திரண்டு வருடப் பணி,
பர்மிய மொழியில் சண்டை போடவே தெரிந்தவர்.

அதற்கும் கீழே அமைச்சர்: ‘பேசவும்.’
அதற்கும் கீழே செயலர்: ‘பேசினேன்.’
தேதி இருக்கிறது.
அந்தத் தேதியில் ஒருவர் ஜெனீவாவில்,
ஒருவர் சிவகங்கையில் பாலம் திறந்துகொண்டிருந்தார்.

வளவில் இசைகுடிமானம் எழுதிப் படித்தார்கள்.
இன்ன ஊர், இன்ன கோயில்,
இன்னார் மகன், இன்னார் மகள்,
இசைந்தோம் என்று இரு வீட்டுக் கையெழுத்து.
என்ன படிக்கிறார்கள் என்றார் செயலர்.
சொன்னேன்.
‘நாமும் அதைத்தானே கேட்கிறோம்’ என்றார்,
‘இன்னாரை அனுப்புகிறோம், ஏற்பீர்களா என்று.’
ஆமாம், அந்தச் சொல்லையும் தமிழில்
இசைவு என்றுதான் எழுதுவோம்.

தூணுக்கு அந்தப் பக்கம் அமைச்சர்.
உள்ளங்கையால் தேக்கைத் தட்டினார்.
‘ரங்கூனைப் பற்றி இந்தத் தூணைக் கேளப்பா, சொல்லும்.’
என்னிடம்தான் சொன்னார்,
அந்த அம்மா காதில் விழும்படி, இந்தியில்.
‘தூணுக்கு மனு எதுவும் நிலுவையில் இல்லை,
சொல்லுங்கள் அவரிடம்.’
இதுவும் என்னிடம், இதுவும் இந்தியில்.
நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.
நாதஸ்வரக்காரர் அந்நேரம் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்.

மூன்றாம் பந்தியில் கோப்பை மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.
கை கழுவிய ஈரத்தோடு வந்து
அமைச்சர் கையெழுத்திட்டார்:
அடைக்கப்பனே. இசைவு கோரவும்.

செயலர் கோரினார்.
ஒரே வரி. பிழை இல்லை. அன்றே போயிற்று.

வேண்டாம் என்று எந்த நாடும் எழுதுவதில்லை.
பதில் வராது, அவ்வளவுதான்.
ஆறு மாதம் வரவில்லை.
அந்தம்மா போனில் யாரிடமாவது
ஏதாவது சொன்னாரா என்று
அமைச்சர் அறையில் என்னைக் கேட்டார்கள்.
எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

லால்ரின்பூயியை லிமாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.
ஸ்பானிய வினைச்சொற்களை மனப்பாடம் செய்வதாகக் கேள்வி.
யாங்கோன் நாற்காலியை
வாரம் ஒருமுறை துடைக்கிறார்களாம்.

இந்த விவகாரத்தில்
எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டவன் நான் ஒருவன்தான்:
முப்பத்திநாலாம் பக்கத்தில் கறை எப்படி வந்தது?

எடுத்துப் பார்த்தேன்.
நெய் இறங்கிய இடத்தில் தாள் கண்ணாடியாகி,
முன்பக்கப் பச்சைக் கையெழுத்தின் மேல்
பின்பக்கக் கறுப்புக் கையெழுத்து
தலைகீழாகப் படுத்திருந்தது.

பதில் எழுதினேன்:
கும்மாயம், ஐயா.
கவனக்குறைவு என்னுடையது.