நனைத்தால் போதும்

காற்றுக்குப் பயந்து கூரைத் தகரங்கள்
ஆணியை இறுக்கிப் பிடித்திருக்கும் புந்தா அரேனாஸில்
நெவென்காவின் சமையலறை நடுவே
ஆறு வருஷம் நின்றது ஒரு பீப்பாய்.

அதன் தலையில் ஒரு கண்ணாடி வட்டு,
அதன்மேல் இன்னொன்று,
இடையே குருந்தக்கல் தூளும் தண்ணீரும்.
தள்ளு, இழு, ஓரடி நகர், வட்டைக் கொஞ்சம் திருப்பு.
மேல்வட்டு குழிந்து குழிந்து
ஒருநாள் தொலைநோக்கியின் ஆடியாகும் என்று
படித்திருந்தாள்.

முதல் மாதம் ராத்திரி ஒரு மணிவரை அரைத்தாள்.
தோளில் வலி, வாயில் சீழ்க்கை.
இரண்டாம் மாதம்
சுங்கக் கிடங்கில் கூட வேலை பார்க்கும்
பதினோரு பேரிடமும் சொன்னாள்.
ஆகா என்றார்கள். ஒருத்தி கைகூடத் தட்டினாள்.
அன்றைக்கே பாதிப் பசி அடங்கிவிட்டது,
உலையே வைக்காத சோற்றுக்கு ஏப்பம்.

பிறகு நாட்காட்டியில் சிவப்புக் கட்டங்கள் போட்டாள்.
கட்டங்கள் அழகாக இருந்தன.
பிறகு பீப்பாய்மேல் ரொட்டிக்கூடை வந்தது,
மின்கட்டண ரசீதுகள் வந்தன,
பூனை வந்து படுத்தது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம்.
எறும்பை யார் கேட்டார்கள்?
கல்லைத் தேய்க்கவா கிளம்பியது அது!
அந்தப் பக்கம் எங்கோ சர்க்கரை இருந்தது,
அவ்வளவுதான்.
நெவென்காவின் சர்க்கரை
மேகத்துக்கும் அந்தப் பக்கம்.

வெந்நீர்க் கொதிகலனைப் பழுதுபார்க்க வந்த எலியோதோரோ
ரசீதுகளை ஒதுக்கிவிட்டு
ஸ்பானரை அங்கே வைத்தான்.
"இது எதுக்கு?"
"ஒண்ணுமில்ல, மேசை."
அவன் நம்பிவிட்டான்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றிரவும் அரைக்கவில்லை.
பூனையை இறக்கினாள்.
ஒரு கரண்டித் தண்ணீரால் கண்ணாடியை நனைத்தாள்,
போய்ப் படுத்தாள்.
மறுநாளும் அதே.
நனைத்தால் போதும் என்பது ஒப்பந்தம்,
அதற்குமேல் தன்னிடம் எதுவும் கேட்பதில்லை.
நனைந்த கண்ணாடிமுன் கை சும்மா கிடந்த நாள்கள் உண்டு,
மே மாதத்தில் நான்கு.
அழுத நாள் ஒன்று,
அதற்குக் காரணம் கண்ணாடியில்லை.
மற்ற நாள்களில் பத்துத் தள்ளு,
சில சமயம் முந்நூறு.
உற்சாகமும் வந்தது சில ராத்திரி,
வேலை பாதி முடிந்தபின்,
சாப்பாட்டு நேரம் தப்பி வரும் விருந்தாளி மாதிரி,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
அதற்கென்று இலை போட்டுக் காத்திருப்பதை
விட்டுவிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை.
கேட்டால், மேசை.

தூள் உப்பாயிற்று, மாவாயிற்று, புகைபோலாயிற்று.
சவர பிளேடும் விளக்கும் வைத்துச் சோதித்த இரவு
ஓரத்தில் மயிரிழையாய் ஒரு கீறல்:
சீழ்க்கையடித்த முதல் மாதத்தினுடையது.
அதைப் போக்க
மூன்று தூள் பின்னே போகவேண்டும்.
இரண்டு ராத்திரி யோசித்தாள்.
"சரி, நீயும் வா," என்றாள் கீறலிடம்.

சாந்தியாகோ போய்
அலுமினியப் பூச்சோடு திரும்பியது ஆடி.
பத்தொன்பது இரவு மேகம்.
இருபதாம் இரவு காற்று ஓய்ந்து
கொல்லையில் உறைபனி மொறுமொறுத்தது.
தென்சிலுவையை ஒட்டி,
வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒற்றைப் புள்ளி.
குழாய்க்குள்ளோ
பை கிழிந்து சிதறிக் கிடந்தது:
நீலம், நீலம், நீலம்,
நடுவே ஒரு செம்மை.
மூக்கு மரத்துப் போனது.
இன்னொரு தடவை பார்த்தாள்.
பதினோரு பேரில் ஒருவரைக்கூட
போனில் கூப்பிடத் தோன்றவில்லை.

பீப்பாயை எலியோதோரோ கேட்டு வாங்கிப் போனான்,
கோழித் தீவனம் போட.
நல்ல மேசை, வீணாக்காதே என்றாள்.

சமையலறை நடுவே இப்போது வெறும் தரை.
கெட்டிலை எடுக்கப் போகும்போது
அவள் கால்கள் இன்னமும்
அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன,
ஓரடி, ஓரடி,
கொஞ்சம் திரும்பி.