எட்டாண்டு உத்தரவாதம்

கூட்டுறவு வங்கி கொடுத்த பழைய டைரி.
நடுப்பக்கத்தில் சவரிமுத்து மூன்று கட்டம் போட்டார்.
பச்சை, வெள்ளை, சாம்பல்.
கம்பெனி வைத்த பெயர்கள்
எங்கள் வாயில் நுழையவில்லை.

பச்சை ஒன்பதரை லட்சம்.
ஒரு சார்ஜுக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர்.
ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, மே மாதமும் வந்துவிட்டால்
நூற்றெழுபது. அதைக் குரல் தாழ்த்திச் சொல்கிறார்கள்.
சாம்பல் பதினொன்று.
டிக்கியில் இரண்டு சூட்கேஸ் நிற்கும் படம்.
சினை ஊசி வைக்கிற நைட்ரஜன் குடுவை
சாயாமல் நிற்குமா என்று கேட்டேன்.
ஷோரூமில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
வெள்ளை பதினாலரை, கூரை முழுக்கக் கண்ணாடி.
திருத்துறைப்பூண்டி வெயிலை உச்சந்தலையில் வாங்க
காசு வேறு கொடுக்கணுமா?
அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு விழுந்தது.

டீசலுக்குக் கிலோமீட்டர் ஆறு ரூபாய்,
கரண்டுக்கு ஒன்றரை.
நாளைக்கு எழுபது, மாதம் இருபத்தாறு நாள்.
விலையில் கூடும் ஐந்து லட்சம்
திரும்பி வர ஐந்து வருடம் ஒரு மாதம்.
எனக்கு ஓய்வு பெற ஆறு வருடம்.
"ஆக, பதினொரு மாதம் லாபம்" என்றார்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் தேவசகாயம் வந்தான்.
வயல் மோட்டாருக்கு இலவச கரண்ட்தானே அண்ணி,
ஒரு வயரை இழுத்துவிட்டால்
கிலோமீட்டர் பூஜ்யம்.
இரண்டு நிமிடம் வீட்டில் யாரும் பேசவில்லை.
பூஜ்யத்தை எழுதவும் எழுதிவிட்டார் மனுஷன்.
அது தண்ணீருக்குக் கொடுத்தது என்றேன்.
அடிக்காமல், அழிரப்பர் தேடிப்பிடித்து அழித்தார்.

கஜா அடித்தபோது எங்கள் தெருவுக்கு
இருபத்து மூன்று நாள் விளக்கில்லை.
அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

தஞ்சாவூரில் ஓட்டிப்பார்க்க
அன்றைக்கு இருந்தது வெள்ளை மட்டும்.
பக்கத்தில் யுவபாரதி, இருபத்து மூன்று வயது,
மடிப்புக் கலையாத சட்டை.
பாதி ரோட்டில் குறுவை நெல் காய்ந்தது.
காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள்
திரும்பவே இல்லை. சத்தம் இருந்தால்தானே.
"சத்தமே வராது மேடம், அதுதான் ஸ்பெஷல்."
நான் ஹாரனைத் தேடினேன்.

புன்னைநல்லூர் தாண்டி
கண்ணாடியை இறக்கியபோது கேட்டது.
கத்தல் இல்லை, அடிவயிற்று முனகல்.
பதினான்கு வருடம் டீசல் வண்டியில்
எத்தனை முனகலைக் கடந்து போயிருக்கிறேனோ.
நிறுத்தினேன்.
களத்தோரம் கலப்புப் பசு, தலை ஈற்று,
ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே மடங்கி.
வீட்டுக்காரர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

சோப்பு கேட்டேன், வாளி கேட்டேன்.
யுவபாரதியிடம் கயிற்றின் நுனியைக் கொடுத்து
அது முக்கும்போது மட்டும் இழு என்றேன்.
முழங்கைவரை உள்ளே விட்டு
மடங்கிய காலை மடக்கியபடியே பின்னுக்குத் தள்ளி,
குளம்பைக் கையில் பொத்தித் திருப்ப
முக்கால் மணி நேரம்.
அவன் மடிப்புச் சட்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஏசியை அணைக்க மறந்திருந்தோம்.
திரும்பி வந்து பார்த்தால் முப்பத்தெட்டு சதவீதம்.

கிடேரி.

ஷோரூம் வாசலில் அவன் இன்னும்
உள்ளங்கையை மோந்து பார்த்தபடி
பழக்கதோஷத்தில் ஒப்பித்தான்:
"பேட்டரிக்கு எட்டு வருடம் கேரண்டி மேடம்."
எட்டு வருடத்தில்
அந்தக் கன்று ஐந்து ஈற்றுகூட ஈன்றுவிடும்.
அதற்கு எவரும் கேரண்டி எழுதித் தரவில்லை.

ராத்திரி டைரியைத் திறந்தார் சவரிமுத்து.
"வண்டி எப்படி?"
"காது கேட்குது."
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
நிஜமாகவே கேட்டார்.
வெள்ளையின் குறுக்கே போட்ட கோடு
மையில் போட்டது, ரப்பருக்கு அழியாது.
பக்கத்தில் இடம் இருந்தது.
பேனாவை வாங்கிக்கொண்டேன்.