ஒன்பது இருபது

திட்டம் நாற்பத்திரண்டு பக்கம்.
முப்பது நான் எழுதியவை.
"பள்ளி முழுவதும் ஒரே திசையில்" என்று
முதல் பக்கத்தில் போட்டுவிட்டு
எந்தத் திசை என்று இரண்டு இரவு விழித்திருந்தேன்.

நியூசிலாந்து, தெற்குத் தீவின் வால்நுனி.
ஆகஸ்ட் உறைபனியில் ஆடுகள்
வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும்.
நூற்றுப் பதினாறு பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள்,
யாருடையதென்று தெரியாத ஒரு வாத்து.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு அட்டை ஒட்டினோம்.
சரளமாகப் படித்தால் பச்சை,
தடுக்கி விழுந்தால் மஞ்சள்,
எழுத்தைக் கண்டதும் சன்னலைப் பார்த்தால் சிவப்பு.
சிவப்பு பதினேழு.

பயிற்சித்தாளை மாற்றலாம் என்றாள் மெரேயானா.
மறுபடி ஒலியிலிருந்து தொடங்கலாம் என்றான் லாக்லன்.
வீட்டில் வாசிக்க வைப்பதில்லை என்றேன் நான்.
சொல்லிவிட்டு ஸ்கோனைக் கடித்தேன்,
தீர்ப்பெழுதிப் பேனா முனையை முறிக்கும்
நீதிபதியைப் போல.

எதிர்ச் சுவரில் கணக்கு அட்டைகள்.
ஒன்றுக்கு முதுகைக் காட்டித்தான்
மற்றதைப் பார்க்க முடியும்.
அப்படித்தான் பார்த்தோம், ஒரு முழுப் பருவமும்.

அன்று ஃபெர்கஸ் வந்தான்,
இரண்டாம் தடத்துப் பேருந்து ஓட்டுநர்,
பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்க.
கெட்டில் கொதிக்கும்வரை
சிவப்பு அட்டைகளை முணுமுணுத்தான்:
ஜோவெல், தைமோனா, இரட்டையர் இரண்டு பேர்,
அப்புறம் பண்ணை வளைவில் ஐலா...
"என்னோட நிறுத்தங்களை
ஏன் இங்கே ஒட்டி வைத்திருக்கீங்க?"

பதினேழில் பதினொன்று அவன் வண்டி.

எத்தனை மணிக்கு வந்து சேரும், ஃபெர்கஸ்?

"ஒன்பது இருபது.
பாலம் ஒற்றை வழியானதிலிருந்து அப்படித்தான்.
பால் லாரிக்கு ஒதுங்கி நிற்கணுமே.
நாலு வருஷமாச்சு."

ஒன்பதுக்கு வாசிப்பு.
நாற்பத்திரண்டு பக்கத்தில்
எனக்கு மிகப் பெருமையான மணி அது.
புது எழுத்தும் புது ஒலியும்
முதல் இருபது நிமிடத்தில் சொல்லித் தருவோம்.
மிச்ச நாற்பதில் அதைச் செய்து பார்ப்பார்கள்.
சொல்லாததைச் செய்து பார்க்கத்தான்
அந்தப் பதினொரு பேரும் நனைந்த காலணியோடு
கதவைத் திறந்து வந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.
பத்து மணிக் கணக்கு.
அதே பெயர்கள்.
பெரும்பாலும் பச்சை.

கணக்குக்குப் பொறுப்பு நான்தான்.
ஸ்கோன் சுற்றிய காகிதத்தில் பெருக்கினேன்:
இருபது நிமிடம், ஆண்டுக்கு நூற்றுத் தொண்ணூறு நாள்,
நாலு ஆண்டு.
இருநூற்று ஐம்பத்து மூன்று மணி.
மீதி இருபது நிமிடம்.
மீதியை இரண்டு முறை சரிபார்த்தேன்.
அதே இருபதுதான்.

வீட்டில் வாசிக்க வைப்பதில்லை என்று
சொன்னது யார் என
அன்று யாரும் கேட்கவில்லை.
வாத்து சன்னலுக்கு வெளியே நின்றது.

வாசிப்பைப் பதினொன்றுக்கு நகர்த்தினோம்.
அங்கே இருந்த பாட்டு வகுப்பு
உர்சுலாவின் பதினாறு வருட இடம்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்: "ஒன்பதை எனக்குக் கொடுங்கள்.
பாட்டுக்குள் நடுவழியில் நுழையலாம்.
யாரும் எதையும் தவறவிட மாட்டார்கள்."
இப்போது வண்டி வரும்போது
பள்ளி முழுவதும் பாடிக்கொண்டிருக்கிறது.
பையைக் கழற்றுவதற்குள்ளேயே
தைமோனா சேர்ந்துகொள்கிறாள், உரக்க, சுருதி பிசகி.

நவம்பரில் பதினொன்றில் ஒன்பது மஞ்சளானது.
ஐலா பச்சை.
மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில்
இதை அழகாக எழுதினேன்.

ஜோவெலை எழுதவில்லை.
அவன் அட்டை இன்னும் சிவப்பு.
அதற்குப் பாலமும் காரணமில்லை, லாரியும் இல்லை.
பால் பண்ணைக்கு மணிலாவிலிருந்து வந்த குடும்பம்;
அம்மா அவனுக்கு இரண்டு மொழியில்
வாசித்துக் காட்டுகிறாள், தினமும். விசாரித்துவிட்டேன்.

அவனுடையது முதல் நிறுத்தம்.
ஏழு ஐம்பது. இன்னும் வெளிச்சம் தரை தொடாத நேரம்.
நாளை அங்கிருந்து நானும் ஏறுகிறேன் என்றேன்.

ஃபெர்கஸ் பிளாஸ்கை மூடினான்.
"தடித்த கோட்டு போட்டுக்கிட்டு வாங்க.
பின்பக்க ஹீட்டர் வேலை செய்யாது.
அந்தப் பையன் அங்கேதான் உட்காருவான்."