ஏழு சென்டிமீட்டர்

அக்டோபர் கடைசி. மானிடோபா. புல்லின் மேல் உறைபனி.
ஊரின் கழிவெல்லாம் வந்து படுக்கும் மூன்று குட்டைகளில்
முதல் குட்டை மட்டும் ஆவி விடுகிறது.
பனிவாத்துகள் தேடித் தேடி அதில்தான் இறங்குகின்றன.
“அதுகளிடம் யாரும் சொல்லவில்லை போல” என்கிறாள்
கிஸ்லேன் டெலோர்ம்,
பதினாறு வருடமாக இந்தக் குட்டைகளின் சாவிக்காரி.
சாவி எதற்கு, யார் திருடப்போகிறார்கள் என்றேன்.
பூட்டு இருக்கிறதே என்றாள்.

தோர்லாக் எந்திரத்தைக் கிளப்புகிறான்.
கம்பியின் தலையில் சுத்தியல் அடி.
ஊசிக்கு அழாத பிள்ளை மாதிரி
மண் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிக்கொள்கிறது.
ஒன்றரை மீட்டர் கறுப்பு. அப்புறம் களி, சாம்பல் களி,
கத்தி வைத்தால் வெண்ணெயாய் விலகும்.
கிள்ளி, உருட்டி, நூல் திரித்துப் பார்த்து
நோட்டில் எழுதுகிறேன்: இறுக்கம். ஈரம். மணமில்லை.
அதை எழுதும்போதுதான் காற்று திரும்புகிறது.
அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்:
மண்ணுக்கு மணமில்லை.

நாலரை மீட்டரில் மணல்.
என்றோ வற்றிய ஏரி மறந்துவிட்டுப் போன
ஒரு சாண் மணல்.
“இந்த வழியாகத்தான் போகும்” என்கிறான் தோர்லாக்,
பூட்டாத பின்கதவைக் கண்டுபிடித்தவன் குரலில்.

கட்டைவிரல் நுழையும் பிளாஸ்டிக் குழாய்.
அடியில் மயிரிழைக் கீறல்கள். சுற்றிலும் கழுவிய மணல்.
மேலே பென்டோனைட் சில்லுகள்; தண்ணீர் ஊற்றினால்
ஊறிய அரிசியாய் உப்பி வாயை அடைத்துவிடும்.
கிணறு என்று எழுத எனக்கே கூச்சம்.
வாளி இல்லை. எட்டிப் பார்த்தால் முகம் தெரியாது.
யார் தாகத்துக்கும் வெட்டியதல்ல.
கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும், ஐந்து வாரம்.
பிறகு பிடுங்கிவிடுவோம்.

ஒரு துளை ஆழத்தைச் சொல்லும்.
இரண்டு துளை சண்டை போடும்.
மூன்று இருந்தால்தான்
தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

ஊருக்கு அது முன்பே தெரியும்.
கிழக்கே, ஆற்றுக்கு. வேறெங்கே போகும்?
நகர அலுவலக வரைபடத்தில் நீல அம்புக்குறிகூட உண்டு,
யார் போட்டது என்று யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலை அளவு நாடாவை இறக்குகிறேன்.
முனை நீரைத் தொட்டதும் கையிலுள்ள சக்கரம் கூவுகிறது.
மூன்று குழாய், மூன்று கூவல்,
விளிம்புகளின் உயரம் கூட்டிக் கழித்து
பென்சிலால் ஒரு கோடு.
கிழக்கில் நீர் எழும்பி நிற்கிறது.
தென்மேற்கில் ஏழு சென்டிமீட்டர் தாழ்வு.

திரும்ப அளந்தேன். ஏழு.
நாடாவைத் துடைத்துவிட்டு, குனிந்து, மூச்சடக்கி. ஏழு.

தென்மேற்கில் ஆறில்லை.
ரயில் பாதை இருக்கிறது. தாண்டினால் பதினொரு வீடுகள்,
வீட்டுக்கொரு சொந்தக் கிணறு.
பச்சைக் கூரை கிஸ்லேனுடையது.

கோட்டைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து
“இவ்வளவுதானே?” என்றாள்.
தண்ணீருக்கு அது போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

பிளாஸ்கைத் திறந்தாள், தினமும் போல.
எனக்கு ஒரு கோப்பை, தோர்லாக்குக்கு, தனக்கு.
அவள் வீட்டில் கொதித்த தேநீர்.
நைட்ரேட்டுக்கு நிறமில்லை, ருசியில்லை,
கொதித்தாலும் போகாது.
ஆய்வுக்கூடம் பதிலனுப்பப் பத்து நாளாகும்.
தூரத்தில் வாத்துகள் ஏதோ தகராறில் இருந்தன.
மூவரும் கையில் சூட்டை வைத்துக்கொண்டு நின்றோம்.
முதலில் அவள்தான் குடித்தாள்.
பிறகு நாங்கள்.

பெட்டியை மூடப் போனபோது கேட்டாள்:
“காலி பாட்டில் ஏதாவது மிச்சமா?”
ஒன்று இருந்தது.
சீட்டை அவளே வாங்கி நிரப்பினாள்,
தேதி, நேரம், எடுத்தவர் பெயர்.
இடம் என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கி,
அச்செழுத்துப் போல நிதானமாக:
சமையலறைக் குழாய்.