ஏழு

அஜ்மான் தொழிற்பேட்டையில்
பெட்டியை ரொவீனாவிடம் கொடுத்தேன்.
சோப்புக்கட்டி அளவு, ஒரே பச்சைப் பொத்தான்.
உள்ளே என் ஒன்பது மாத நிரல்
யாருக்கும் புரியாத குழப்பமாய்க் கட்டிவைத்திருக்கிறது;
சிப்புக்குள் இறங்கினால்தான் அவிழும்.

"ஆயிரத்து இருநூறு தடவை அழுத்தலாம்.
பிறகு ஊமை" என்றேன்.
நம்பவில்லையா என்று அவள் கேட்கவில்லை.
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
போன வருடம் தெய்ராவில்
என் தண்ணீர் மீட்டரையே
வேறு பெயரில் பாதி விலைக்கு வாங்கினேன்.
ஓடவிட்டால்
நான் கவனிக்காமல் விட்ட பிழைகூட அப்படியே:
பிப்ரவரி முப்பது.

வியாழன் இரவு பதினொன்றுக்கு அழைப்பு.
ஏழு சிப் செத்துவிட்டது.
செத்ததையும் பெட்டி எண்ணிவிட்டது.
ஏழு பலகை காலியாய்க் கிடக்கிறது,
விடிந்தால் சோஹாருக்கு லாரி.

கேட்காமலே படம் அனுப்பியிருந்தாள்:
கழற்றிய ஏழையும் டிஷ்யூ பேப்பரில் வரிசையாக வைத்து,
ஒவ்வொன்றின் கீழும் நேரம் எழுதி.
ஓரத்தில் அவள் கட்டைவிரல் நகம், பாலிஷ் உரிந்தது.

அனுமதிக் கட்டத்தில் பத்து என்று அடித்தேன்.
இன்னும் ஒன்றிரண்டு சாகலாம் இல்லையா.
அழித்தேன்.
எட்டு.
அழித்தேன்.

ஏழு அனுப்பினேன். கீழே ஒரு நன்றி.
இரண்டு நீல டிக் விழுந்தது.
பெட்டி பேசிவிட்டது போலும்,
அவள் ஒன்றும் எழுதவில்லை.